எச்சில் ஊறுவது வேறு, தாவுவது வேறு: பாவ்லோவும் ஸ்கின்னரும் பிரியும் இடம்

கேள்வி இதுதான். பிஎட் முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாவ்லோவ், ஸ்கின்னர் இரண்டு பேருடைய வரையறையும் மனப்பாடம். ஆனால் அன்றாட உதாரணம் ஒன்றைக் கொடுத்து எந்த வகை என்று கேட்டால் தடுமாறிவிடுகிறேன். குக்கர் விசில் கேட்டதும் பசிப்பது, ஊசி போடும் அறையைப் பார்த்ததும் குழந்தை அழுவது, செல்போன் சத்தம் கேட்டதும் கை அதை நோக்கிப் போவது. இந்த மூன்றுக்கும் ஒரு கையேட்டில் ஒரு விடை, இன்னொன்றில் வேறு விடை. எதை நம்புவது?"

பாவ்லோவ் ரஷ்யர், ஸ்கின்னர் அமெரிக்க உளவியலாளர்; உயிர்கள் எப்படிக் கற்கின்றன என்பதற்கு ஆளுக்கொரு வகையைக் காட்டியவர்கள். பல வருடங்கள் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தடுமாற்றம் கையேடு எழுதுகிறவர்களுக்கே உண்டு. ஒரு சம்பவத்தை மொத்தமாகத் தூக்கி அதன் மேல் ஒரு பெயரை ஒட்டப் பார்க்கிறோம். ஒரு சம்பவத்துக்குள் நாலைந்து துலங்கல்கள், அதாவது உடம்போ ஆளோ காட்டும் எதிர்வினைகள், இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து விசாரித்தால்தான் விடை கிடைக்கும்.

எங்கள் வீட்டு நாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் பெயர் மணி. பாவ்லோவ் நாய்களுக்கு அடித்ததாக எல்லோரும் சொல்லும் மணிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. எங்கள் தெருவில் மூன்று நாய்க்கு ஒன்று மணிதான். சாயங்காலம் அலமாரியைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுப்பேன். உறை சரசரக்கும். வராந்தாவில் படுத்திருக்கும் மணியின் காது நிமிரும். நாக்கோரத்தில் எச்சில் திரண்டு தரையில் சொட்டும். அப்புறம் எழுந்து ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் என் வேட்டியில் ஊன்றித் தாவும். நானும் தொல்லை விட்டால் போதுமென்று ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிடுவேன்.

இது எந்த வகை? நாய் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, ஆகவே பாவ்லோவ் என்று பாதி வகுப்பு சொல்லும். ஓடி வந்து பரிசு வாங்குகிறதே, ஆகவே ஸ்கின்னர் என்று மீதிப் பாதி சொல்லும். எச்சிலைத் தனியாகவும் தாவலைத் தனியாகவும் எடுத்தால் சண்டை தீர்ந்துவிடும்.

மணிக்கு எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் பிஸ்கட் வரத்தான் போகிறது. எச்சில் அதைக் கொண்டுவரவில்லை. சரசரப்பு வந்தால் பின்னாலேயே பிஸ்கட் வரும் என்பதை அதன் உடம்பு தெரிந்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். சத்தத்துக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள உறவு இது. தாவல் அப்படியில்லை. தாவினால் பிஸ்கட் சீக்கிரம் விழுகிறது. தன் செயலுக்கும் அதன் பலனுக்கும் உள்ள உறவை மணி கற்றிருக்கிறது. முதலாவது பாவ்லோவ் வகை, இரண்டாவது ஸ்கின்னர் வகை. நம் பிஎட் புத்தகங்களில் முன்னதைப் பழைய ஆக்கநிலையிருத்தல் என்றும் பின்னதைச் செயல்படு ஆக்கநிலையிருத்தல் என்றும் போட்டிருப்பார்கள். வாயில் நுழைய வசதியாக நான் ஆள் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

ஆக, எந்தத் துலங்கலைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவன், அல்லது இது, அந்தச் செயலைச் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் அடுத்து நடந்தது மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றால் பாவ்லோவ். மாறியிருக்கும், அந்த மாற்றம்தான் செயலை வளர்த்தது என்றால் ஸ்கின்னர்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான் பார்த்தேன். தாவினால் பிஸ்கட் கிடையாது, நாலு காலும் தரையில் இருந்தால் உண்டு என்று முடிவு செய்தேன். முதல் மூன்று நாள் நிலைமை மோசமானது. மணி முன்னைவிட வேகமாகத் தாவியது, குரைத்தது, ஒரு வேட்டியைக் கிழித்தது. பலன் திடீரென்று நின்றால் செயல் முதலில் கொஞ்சம் எகிறிவிட்டுத்தான் அடங்கும். மிட்டாய் வாங்கித் தராத அன்று கடை வாசலில் பிள்ளை புரள்வதும் இதே கணக்கு. பத்து நாளில் தாவல் குறைந்துவிட்டது. அடுத்து, எச்சில் ஒழுகினாலும் பிஸ்கட் கிடையாது என்று ஒரு விதி போட்டேன். சும்மா வேடிக்கைக்குத்தான். ஒரு வாரம் முயன்றும் எச்சில் நிற்கவில்லை. மணி என்னைப் பார்த்தபடி ஒழுகவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது. "ஏன்டா அந்த வாயில்லா ஜீவனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறே" என்று அம்மா திட்டியதும் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன்.

என் வராந்தாவில் நடந்தது விளையாட்டு. இதையே 1960-களில் அமெரிக்காவில் ஷெஃபீல்ட் என்ற உளவியலாளர் முறையாகச் செய்தார். ஒலி கேட்டதும் நாய்க்குச் சாப்பாடு வரும். ஆனால் ஒலியின்போது எச்சில் ஊறிவிட்டால் அந்த முறை சாப்பாடு கிடையாது. எச்சில் பலனைப் பார்த்து நடக்கும் செயலாக இருந்தால், நாய் சீக்கிரமே அதை அடக்கக் கற்றிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான முறை செய்தும் நாயால் அடக்க முடியவில்லை. சாப்பாடு போகும் என்றாலும் எச்சில் ஊறத்தான் செய்தது. பலனைப் பறித்துப் பார்க்கும் இந்தச் சோதனை எந்த வரையறையையும்விடக் கூர்மையானது என்பது என் கட்சி.

சரி, "தானாக நடப்பது பாவ்லோவ், நாமாகச் செய்வது ஸ்கின்னர்" என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும் சூத்திரம்? எச்சில், வியர்வை, இதயத்துடிப்பு, வயிற்றுப் பிரட்டல் என்றால் பாவ்லோவ். கை, கால், வாய்ப்பேச்சு என்றால் ஸ்கின்னர் என்று பிரித்தால் பெரும்பாலும் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் இந்தச் சூத்திரத்தைப் புறாக்களே உடைத்துவிட்டன. 1968-இல் பிரவுன், ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புறாக் கூண்டில் சிறு வட்டப் பொத்தான் ஒன்றில் விளக்கு எரியவிட்டு, சில விநாடிகளில் தானியம் கொடுத்தார்கள். புறா எதுவுமே செய்ய வேண்டாம், தானியம் எப்படியும் வரும். இருந்தும் புறாக்கள் விளக்கைக் கொத்த ஆரம்பித்தன. மறு வருடம் வில்லியம்ஸ் என்ற பெயர் கொண்ட இருவர் ஒரு படி மேலே போனார்கள்: கொத்தினால் தானியம் ரத்து. அப்போதும் புறாக்கள் விடாமல் கொத்தின. அலகால் கொத்துவது தசைச் செயல். ஸ்கின்னரின் கூண்டுக்கே அடையாளம் போன்ற செயல். அதுவே இங்கே விளக்கு–தானியம் உறவில் பிறந்த பாவ்லோவ் வகையாக நிற்கிறது. எந்த உறுப்பு அசைகிறது என்பதைவிட எந்த உறவு அதைக் கற்றுக்கொடுத்தது என்பதே முக்கியம்.

இரண்டும் வேறு வேறு என்று முதலில் தெளிவாகச் சொன்னது ஸ்கின்னரும் அல்ல, பாவ்லோவும் அல்ல. பாவ்லோவ் அடிப்படையில் உடலியல்காரர். செரிமானச் சுரப்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்களுக்குச் சாப்பாடு வரும் முன்பே எச்சில் ஊறியதுதான் அவரை இந்தப் பக்கம் இழுத்தது. 1928-இல் வார்சாவில் மருத்துவ மாணவர்களாக இருந்த கொனோர்ஸ்கி, மில்லர் என்ற இரண்டு இளைஞர்கள், ஒரு ஒலியோடு நாயின் காலைத் தாங்களே தூக்கிவிட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நாயே காலைத் தூக்கியது. இது பாவ்லோவின் எச்சிலைப் போல இல்லையே, இரண்டாவது வகை ஒன்று இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் கட்டுரையில்தான், 1937-இல், ஸ்கின்னர் 'செயல்படு' என்று நாம் மொழிபெயர்க்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தேர்வில் கேட்க மாட்டார்கள். ஆனால் பிரிவினை எதற்காக வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி குறையும்.

இனி உங்கள் ஊசி அறைக்கு வருவோம். மூன்றில் இதுதான் கஷ்டமானது, நிஜ வாழ்க்கையில் அதிகம் தேவைப்படுவதும் இதுவே.

ஒன்றரை வயதுக் குழந்தை. தடுப்பூசிக்கு வந்திருக்கிறது. ஊசி குத்தியதும் வலியில் அழுவதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அது இயற்கைத் துலங்கல். அடுத்த முறை வரும்போது ஸ்பிரிட் வாசனை, தட்டில் கத்தரிக்கோல் விழும் சத்தம், வெள்ளைக் கோட்டு ஆகியவை ஊசிக்கு முன்னால் வருகின்றன. குழந்தையின் உடம்பு விறைக்கிறது, முகம் சிவக்கிறது, வீறிட்டு அழுகிறது. அது அழுதாலும் அழாவிட்டாலும் ஊசி விழத்தான் போகிறது. ஆகவே பாவ்லோவ். இதுவரை எந்தக் கையேட்டோடும் எனக்குச் சண்டையில்லை.

இப்போது அதே பிள்ளைக்கு நாலு வயது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். ஆட்டோவில் ஏறும்போதே அழுகை தொடங்குகிறது. கவனித்துப் பாருங்கள், ஒரு கண் அம்மா மேலேயே இருக்கும். அம்மா "அழாதடா கண்ணு, உள்ள போனா ஊசியே கிடையாது" என்றால் சுருதி ஏறும். "சரி, நாளைக்கு வரலாம்" என்று ஆட்டோவைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு வேடிக்கை பார்க்கும். இந்த அழுகை ஆட்டோவைத் திருப்பியிருக்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் சத்தமாக வரும். ஸ்கின்னர் வகை, அதிலும் எதிர்மறை வலுவூட்டல்: வேண்டாத ஒன்று விலகியதால் செயல் வலுப்பட்டது. இங்கே இன்னொருவரும் பாடம் படிக்கிறார் என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆட்டோவைத் திருப்பியதும் அழுகை நின்றது அல்லவா? அம்மாவுக்கும் அது நிம்மதி. திருப்பும் பழக்கம் அம்மாவிடமும் வலுப்படுகிறது.

இரண்டு அழுகையும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே பிள்ளையிடம் கலந்தும் இருக்கும். பயத்தைப் பாவ்லோவ் வழியில் கற்கிறோம், பயத்திலிருந்து தப்பும் செயலை ஸ்கின்னர் வழியில் கற்கிறோம் என்ற இரட்டைக் காரணி விளக்கத்தை 1947-இல் மவ்ரர் என்ற உளவியலாளர் கொடுத்தார். பின்னால் அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டாலும், ஊசி அறை வாசலில் அது இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது.

பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். மருந்து வேறு வேறு. பலனுக்காக வரும் அழுகைக்குப் பலனை நிறுத்த வேண்டும். ஆட்டோவைத் திருப்பக் கூடாது. பயத்தில் வரும் அழுகைக்கு அது உதவாது. கண்டுகொள்ளாமல் விட்டாலும் பயம் போகாது, ஏனென்றால் அது உங்கள் கவனத்துக்காக வரவில்லை. அங்கே சமிக்ஞைக்கும் வலிக்கும் உள்ள உறவைத் தளர்த்த வேண்டும். ஊசி இல்லாத நாள்களிலும் அந்த அறைக்குப் போய், எடை பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தால் வெள்ளைக் கோட்டு என்றாலே ஊசி என்ற கணக்கு குலைகிறது. ரெஸ்கோர்லா என்ற உளவியலாளர் 1968-இல் எலிகளை வைத்துக் காட்டியதும் இந்த மாதிரிதான்: ஒலியோடு எத்தனை முறை மின்னதிர்ச்சி வந்தது என்பது மட்டும் போதாது. ஒலி இல்லாத நேரத்திலும் அதே அளவு அதிர்ச்சி வந்துகொண்டிருந்தால், எலி ஒலிக்குப் பயப்படக் கற்பதில்லை. ஒலி எந்தச் செய்தியையும் சொல்லவில்லையே. "சேர்ந்து வந்தால் கற்கும்" என்று ஒற்றை வரியில் முடிக்கும் புத்தகங்கள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன.

பயந்தவரைத் தேற்றினால் பயம் வளரும் என்ற நம்பிக்கையும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததே. தீபாவளி வந்தால் தெரியும். வெடிச் சத்தத்தில் மணி நடுங்கும். "தடவிக் கொடுக்காதீங்க சார், அப்புறம் அதுவே பழகிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வருடா வருடம் சொல்வார். நடுக்கம் தடவலை வாங்குவதற்காக வருவதில்லை. பெருவெடிக்கு நடுங்குவது இயற்கை. இரண்டாம் வருடத்திலிருந்து திரி பற்றும் 'சர்ர்' சத்தத்துக்கும் மருந்து வாசனைக்குமே நடுங்க ஆரம்பித்தது, அது பாவ்லோவ். தடவிக் கொடுத்தால் அந்த நடுக்கம் கூடாது, கொஞ்சம் தணியலாம். ஆனால் அதே நாள் மணி கட்டிலுக்கடியில் போய்ப் படுப்பது வேறு கதை. அங்கே சத்தம் குறைவு, பலன் கிடைக்கிறது. இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தால் கட்டிலடியே அதன் விலாசம். ஒரு நாய், ஒரு வெடி, மூன்று துலங்கல், மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

பாவ்லோவ் வகைக்குள் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் என் சொந்த வயிறு. கல்லூரி நாள்களில் நண்பர்களோடு வால்பாறை போனோம். காலையில் இட்லி. ஆழியார் பக்கம் ஒருவன் வீட்டிலிருந்து கட்டிவந்த காளான் பிரியாணி; அதுவரை நான் காளான் சாப்பிட்டதே இல்லை. அப்புறம் மலைப் பாதை, நாற்பது கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் பஸ் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டியவன்தான், வால்பாறை வரை உள்ளே இழுக்கவில்லை. வாந்திக்குக் காரணம் வளைவுகள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதே பிரியாணியைச் சாப்பிட்ட மற்ற ஐந்து பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து காளான் வாசனை வந்தால் என் வயிறு புரளும். காரணம் தெரிந்த மூளை ஒரு பக்கம், தெரியாத வயிறு ஒரு பக்கம்.

இதில் கவனிக்க மூன்று விஷயங்கள் உண்டு. ஒரே தடவையில் கற்றது. சாப்பிட்டதற்கும் குமட்டலுக்கும் இடையில் நல்ல இடைவெளி இருந்தும் கற்றது. மூன்றாவது, இட்லி தப்பித்துவிட்டது. காலையில் அதையும்தான் சாப்பிட்டேன். ஆனால் வயது ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கான முறை எந்தக் கேடும் செய்யாமல் உள்ளே போன பண்டம் இட்லி. உடம்பு புதுச் சுவை மேல்தான் பழியைப் போடும். பஸ்ஸின் சிவப்பு நிறம் மேலோ, ஓடிய பாட்டு மேலோ ஏன் பழி விழவில்லை? 1966-இல் கார்சியா, கோலிங் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் இதையே கண்டார்கள். எலி தண்ணீர் குடிக்கும்போது இனிப்பும் இருக்கும், கூடவே விளக்கும் சத்தமும் வரும். பிறகு வயிற்றைக் குமட்ட வைத்தால் எலி இனிப்பை வெறுத்தது. மின்னதிர்ச்சி கொடுத்தால் விளக்கு–சத்தத்துக்குப் பயந்தது. வயிற்று நோவுக்குச் சுவையும், தோல் வலிக்குக் காணும் கேட்கும் சமிக்ஞையும் என்று உயிர்கள் முன்கூட்டியே ஒரு சாய்வோடு இருக்கின்றன.

நான் காளானைத் தின்ற செயலுக்குத் தண்டனை கிடைத்தது, எனவே இது ஸ்கின்னர்தானே என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. நான் சாப்பிடுவதைத் தவிர்ப்பதை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் வாசனைக்கே வயிறு புரள்கிறதே, அந்தப் புரட்டலை எந்தப் பலனும் வளர்க்கவில்லை. கல்யாணப் பந்தியில் காளான் வறுவல் வரும்போது நான் இலையில் கையை வைத்து மறைப்பது ஸ்கின்னர். மறைப்பதற்கு முன்னால் வயிற்றில் நடப்பது பாவ்லோவ்.

செல்போனுக்கு வருவோம். 'டிங்' என்றதும் மனம் ஒரு துள்ளுத் துள்ளுகிறதே, செய்து கொண்டிருந்த வேலையிலிருந்து கவனம் பிடுங்கப்படுகிறதே, அது பாவ்லோவ் பக்கம். கையை நீட்டி எடுத்துத் திறப்பது ஸ்கின்னர், ஏனென்றால் திறந்தால்தான் செய்தி தெரியும். உங்கள் கையேட்டில் இருப்பதைப் போல "சத்தம் என்ற தூண்டல் முன்னால் வருவதால் பாவ்லோவ்" என்பது தப்பு. ஸ்கின்னர் வகையிலும் முன்னால் ஒரு சமிக்ஞை இருக்கலாம். இப்போது செய்தால் பலன் உண்டு என்று அறிவிக்கும் சமிக்ஞை அது. வேறுபடுத்தும் தூண்டல் என்று பெயர். பச்சை விளக்கு எரிந்ததும் வண்டியை எடுக்கிறோம். பச்சை விளக்கு நம் காலைத் தானாக உதைக்க வைப்பதில்லை.

செல்போனைப் பற்றி எழுதும் எல்லோரும் சூதாட்ட இயந்திரத்தோடு ஒப்பிட்டு, மாறும் விகித வலுவூட்டல், அதாவது எத்தனையாவது முயற்சியில் பலன் வரும் என்று தெரியாத வகை, என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். வாட்ஸ்அப்பைப் பத்து தடவை திறந்தால் பத்து மடங்கு செய்தி வராது. அனுப்புகிறவர் அனுப்பும் நேரத்தில்தான் வரும். எத்தனை முறை பார்த்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் கழிந்தது என்பதைப் பொறுத்த பலன் இது, மாறும் இடைவெளி வகை. மிதமான வேகத்தில் விடாமல் எட்டிப் பார்க்க வைப்பது அதன் குணம். ரீல்ஸைத் தள்ளுவது வேறு. அங்கே ஒவ்வொரு தள்ளுக்கும் அடுத்தது கிடைக்கிறது, எது பிடித்ததாக இருக்கும் என்று தெரியாது. அதிகம் தள்ளினால் அதிகம் கிடைக்கும். அதுதான் மாறும் விகிதம். பலன் எப்போது கிடைக்கும் என்ற இந்த அட்டவணைகளைப் பற்றி ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார்கள், பெரும்பாலும் புறாக்களை வைத்து. இரவு பதினொரு மணிக்கு நம் கட்டைவிரலைப் பார்த்தால் புறா நினைவுக்கு வராமல் இருக்காது.

குக்கர் விசில் இதற்குள் தீர்ந்திருக்கும். பசி, வாயில் நீர் என்று கேட்டிருந்தால் பாவ்லோவ். எழுந்து போய் அடுப்பை அணைத்தார் என்று கேட்டிருந்தால் ஸ்கின்னர்.

கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் சில பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று போட்டிருப்பார்கள். இல்லை. வலுவூட்டல் என்று பெயர் இருந்தாலே செயல் கூடுகிறது என்று அர்த்தம். காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் 'டிங் டிங்' என்று கத்தும், போட்டதும் நிற்கும், அந்தத் தொல்லை நிற்பதால் பெல்ட் போடுவது கூடுகிறது. அது எதிர்மறை வலுவூட்டல். தலைக்கவசம் இல்லாமல் போய் அபராதம் கட்டினால், தலைக்கவசமில்லாமல் போவது குறைகிறது, அது தண்டனை. அப்புறம், பாவ்லோவ் என்றாலே மணி என்று படம் போட்டுவிடுகிறார்கள். அவருடைய ஆய்வகத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி, பஸ்ஸர், தோலைத் தொடுதல் என்று பலவிதத் தூண்டல்கள் இருந்தன.

ஆல்பர்ட் குழந்தையைப் பற்றியும் ஒரு வரி. 1920-இல் வாட்சனும் ரேனரும் பதினொரு மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, பின்னால் இரும்புக் கம்பியை அடித்துப் பயமுறுத்தியது. சுத்தமான பாவ்லோவ் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். மூலக் கட்டுரையைப் படித்தால், முதல் தடவைகளில் குழந்தை கை நீட்டி எலியைத் தொட்ட நொடியில்தான் கம்பி அடிக்கப்பட்டது. தொட்டதற்குக் கிடைத்த அடியாகவும் அதைப் படிக்கலாம். குழந்தை பிறகு கையைப் பின்னுக்கு இழுத்ததில் எவ்வளவு ஸ்கின்னர், அழுததில் எவ்வளவு பாவ்லோவ் என்று என் மாணவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

தேர்வு அறையில் இவ்வளவுக்கும் நேரம் இருக்காது. கேள்வியில் எந்தத் துலங்கலைக் கேட்கிறார்கள் என்று அடிக்கோடு போடுங்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடியுங்கள். "ஊசி அறையைக் கண்டு குழந்தை பயப்படுகிறது" என்றால் பாவ்லோவ் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். "அழுதால் அம்மா தூக்கிக்கொள்வார் என்று தெரிந்து அழுகிறது" என்றால் ஸ்கின்னர். வெறுமனே "அழுகிறது" என்று மட்டும் இருந்து, பின்னால் என்ன நடந்தது என்று கேள்வியில் ஒன்றும் இல்லையென்றால், கேட்டவர் மனதில் பாவ்லோவ்தான் இருக்கிறார், அப்படியே எழுதிவிடுங்கள்.

மணி விஷயம் பாதியில் நிற்கிறது. என்னிடம் தாவுவது குறைந்துவிட்டது என்றேன் அல்லவா? நான் இல்லாத நேரத்தில் அம்மா, அது தாவினால் பாவம் பார்த்து எப்போதாவது ஒரு பிஸ்கட் போட்டிருக்கிறார். எப்போதாவது கிடைக்கும் பலன் லேசில் விடாது. இப்போது நான் பாக்கெட்டை எடுத்தால் மணி நாலு காலும் தரையில் வைத்து உட்காருகிறது. அம்மா எடுத்தால் தாவுகிறது. எச்சில் மட்டும் யார் எடுத்தாலும் ஒரே மாதிரி ஒழுகுகிறது.